கோழியிலிருந்து தொடங்குவோம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இறைச்சியைக் குறைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பெருகிவருகிறார்கள். நல்ல செய்தி. ஆனால் அவர்களில் பலர் முதலில் என்ன செய்கிறார்கள்? மாட்டையும் ஆட்டையும் விட்டுவிட்டுக் கோழிக்கு மாறுகிறார்கள். சிவப்பு இறைச்சி உடம்புக்கு ஆகாது என்று மாறுகிறவர்கள் உண்டு. பூமி சூடாகிறதே என்று மாறுகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் கணக்குச் சொன்னது. அதில் பெரும்பங்கு மாடுகளுடையது.

இருந்தாலும் இந்த மாற்றத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு மாட்டை அறுத்தால் 200 கிலோவுக்கு மேல் இறைச்சி கிடைக்கும். அவ்வளவு இறைச்சியைக் கோழியிலிருந்து எடுக்க நூறு பறவைகளாவது சாக வேண்டும். இப்போதே உலகில் ஆண்டுக்கு 7,000 கோடிக்கு மேல் கோழிகளைக் கொல்கிறோம். மனிதர்கள் எல்லோரையும் சேர்த்தாலே 800 கோடிதான்.

எண்ணிக்கையை விடுங்கள், அந்தப் பறவை எப்படி வாழ்கிறது என்று பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் உயிரோடிருக்கக்கூடிய பிராய்லர் கோழி, ஆறேழு வாரத்துக்குள் அறுப்புக்குப் போய்விடுகிறது. நெஞ்சுக்கறி சீக்கிரம் திரள வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் அது. எலும்பு முற்றுவதற்குள் உடல் பெருத்துவிடும், கால் தாங்காது. கடைசி நாட்களில் நடப்பதைவிட உட்கார்ந்து கிடப்பதுதான் அதிகம். கீழே எச்சத்தில் ஊறிப்போன உமி. அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா கண்ணை எரிக்கும். அந்த ஈரம் பாதத்தைப் புண்ணாக்கும். பார்வைக்குப் பெரிய கோழி. காது கொடுத்துக் கேட்டால் குரல் இன்னும் குஞ்சின் குரல்தான். கீச் கீச்சென்று கத்துகிற வயதில்தான் அதை அறுக்கிறோம்.

முட்டையில் உயிர்க்கொலை இல்லை என்று நம்புகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். முட்டையினக் கோழியில் சேவல் குஞ்சு பண்ணைக்குப் பயன்படாது. முட்டை இடாது, கறியும் ஏறாது. ஆகவே பொரித்த அன்றே பிரித்தெடுத்து, வாயு செலுத்தியோ இயந்திரத்தில் அரைத்தோ தீர்த்துவிடுகிறார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 700 கோடி குஞ்சுகள். ஜெர்மனி இதை 2022 முதல் தடைசெய்துவிட்டது. பெட்டைகளுக்கோ கூண்டு. ஐரோப்பிய ஒன்றியம் பழைய கூண்டு முறையை 2012இல் ஒழிப்பதற்கு முன்பு, ஒரு கோழிக்குக் குறைந்தபட்சம் 550 சதுர சென்டிமீட்டர் போதும் என்று சட்டமே அனுமதித்தது. ஏ4 தாள்கூட அதைவிடப் பெரியது.

1965இல் பிரிட்டன் அரசு அமைத்த பிராம்பெல் குழு, பண்ணை விலங்குகளுக்காக மிகச் சிறிய கோரிக்கை ஒன்றை வைத்தது: எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடலைக் கோதிக்கொள்ள, கை கால் நீட்ட இடம் வேண்டும். இவ்வளவுதான். அறுபது ஆண்டு கடந்தும் கோடிக்கணக்கான கோழிகளுக்கு இது கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது? ஒரு விலங்கை விட்டால் இன்னொரு விலங்குக்குப் போகாதீர்கள். பருப்புக்கும் பயறுக்கும் போங்கள். உலகின் வேளாண் நிலத்தில் 83 சதவீதம் இறைச்சி, பால், முட்டை, மீன் வளர்ப்புக்குப் போகிறது. நமக்குக் கிடைக்கும் கலோரியில் அவை தருவது 18 சதவீதம்தான் என்று 2018இல் வந்த விரிவான ஆய்வு ஒன்று காட்டியது. தீவனமாகப் போடுவதில் பெரும்பகுதி விலங்கின் உயிர்ப்புக்கே செலவாகிவிடுகிறது.

அடியோடு விட வேண்டும் என்று யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை. விலங்கு உணவை முழுதாக விடுகிறவர்கள் வைட்டமின் பி12 மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் பிடிவாதம் வேண்டாம். பயிரே விளையாத நிலத்தில் மந்தையை நம்பி வாழ்கிறவர்களைப் பற்றியும் நான் பேசவில்லை. கடையில் எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்க முடிகிறவர்களைத்தான் கேட்கிறேன். பத்துப் பேர் பாதியாகக் குறைத்தால், ஒருவர் முழுதாக விடுவதைவிட அதிக உயிர் தப்பும்.

வீட்டுச் சமையலைவிட விடுதி, மருத்துவமனை, அலுவலக உணவகம் ஆகியவற்றில் இதைச் செய்வது எளிது. அங்கே ஒருவர் பட்டியலை மாற்றினால் நூறு தட்டு மாறும். இந்த அரங்கில் அப்படிப் பட்டியல் போடும் பொறுப்பில் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். எந்த வேளையில் கோழியை எடுத்துவிட்டு எந்தப் பயறை வைக்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.