கடைசி பஸ்ஸும் காலேஜ் படிப்பும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நகரம், மேல்படிப்பு, ஏற்றத்தாழ்வு, அரசியல் இதப்பத்தியெல்லாம் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. நாலுமே பெரிய விஷயம். ஆனா சமூகவியல் சொல்லிக்குடுக்க வந்த நாள்லருந்து எம் மனசுல கெடந்து உறுத்துறது ஒன்னுதான், அது பஸ்ஸு. ஆமா, நம்ம டவுன் பஸ்ஸுதான். ஒரு ஊருக்குக் கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு சொல்லுங்க, அந்த ஊர்ப் பொம்பளப் பிள்ளைங்க காலேஜுல என்ன படிக்கும்னு நான் ஓரளவு சொல்லிருவேன்.

இது எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்லுதேன். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு பிள்ள பி.ஏ.ல வந்து சேந்துச்சு, திருநெல்வேலி பக்கம் முக்கூடலுக்கு அங்கிட்டு ஒரு கிராமம். மார்க் ஷீட்ட பாத்தா கெமிஸ்ட்ரில அவ்வளவு நல்ல மார்க். "ஏம் தாயி, இத விட்டுட்டு இங்க வந்துருக்க?"ன்னு கேட்டேன். "சார், லேபு நாலரைக்குத்தான் விடுவாங்களாம், எங்க ஊரு பஸ்ஸு நாலே காலுக்கு ஜங்ஷன விட்டு எடுத்துருவான், அதுக்குப் பெறவு ஏழரைக்குத்தான்"ன்னா. அம்புட்டுதான். பதினஞ்சு நிமிஷம். அந்தப் பதினஞ்சு நிமிஷத்துல ஒரு பிள்ளையோட படிப்பே மாறிட்டு.

அவங்க அம்மா பீடி சுத்துறவங்க. நம்ம பக்கத்துல முக்கூடல், கடையம், ஆலங்குளம், மேலப்பாளையம்னு எந்தத் தெருவுல போனாலும் மடியில தட்ட வச்சுக்கிட்டு, இலைய வெட்டி, தூள வச்சு சுத்திக்கிட்டே இருப்பாங்க, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், கேட்டுக்கிட்டு இருக்கவங்கள்ல எத்தனையோ பேரு இப்பவும் கையில இலையோட உக்காந்துதான் கேட்டுக்கிட்டு இருப்பீங்க. அந்த அம்மாவ ஒரு தடவ போய்ப் பாத்தேன். "புள்ள படிக்கட்டும்னுதான்யா குனிஞ்ச தல நிமிராம சுத்துதேன், ஆனா மெயின் ரோட்டுல எறங்கி அந்த இருட்டுக்குள்ள ரெண்டு கிலோமீட்டரு யாருய்யா அவகூட வருவா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் இல்ல. காலேஜுல போயி லேப காலைல வைக்கலாமான்னு கேட்டுப் பாத்தேன், டைம்டேபிள மாத்த முடியாதுன்னுட்டாங்க. அந்தப் பிள்ள சரித்திரம் படிச்சு இன்னைக்கு டீச்சரா இருக்கா, நல்லா இருக்கா, அது சந்தோஷம்தான். ஆனா அவ ஆசப்பட்ட படிப்பு அது இல்ல.

2021-22ல எடுத்த அகில இந்திய கணக்குல, 18லருந்து 23 வயசு வரைக்கும் உள்ளவங்க எண்ணிக்கைய வச்சுப் பாத்தா மேல்படிப்புச் சேர்க்கை தமிழ்நாட்டுல 47 சதவீதம், நாடு முழுக்கப் பாத்தா 28.4தான். பெருமப்பட வேண்டிய விஷயம், நான் இல்லைங்கல. ஆனா அந்த 47க்குள்ள யாரு ஆசப்பட்டத படிக்குதா, யாரு பஸ்ஸுக்குத் தக்கன படிக்குதான்னு அந்த நம்பருல தெரியாது. பிள்ள காலேஜுல சேந்துட்டான்னு மட்டும் பாத்தா போதாது, எதுல சேந்தா, ஏன் அதுல சேந்தான்னு கேக்கணும். திரும்பவும் சொல்லுதேன், ஏன்னு கேக்கணும்.

இங்க ஒரு பழைய கதைய சொல்லாம என்னால மேல போக முடியாது. தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் நெல்லையப்பர் கோயிலு, கடைவீதி, யாவாரம். அந்தப் பக்கம் பாளையங்கோட்டை, அங்கதான் கோட்ட, அதிகாரம், பெறவு காலேஜுங்க, 1878ல ஜான்ஸு, 1895ல சாரா டக்கர், 1923ல சேவியர்ஸு. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டுன்னு பேரு வாங்குனது அப்படித்தான். ஆனா ஒரு காலத்துல நடுவுல பாலம் கெடையாது, படகுலதான் தாண்டணும், வெள்ளம் வந்தா அதுவும் இல்ல. கலெக்டர் ஆபீஸுல சிரஸ்தாரா, அதாவது தலைமைக் குமாஸ்தாவா இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தக் காச போட்டு பாலத்தக் கட்ட வச்சாரு, இஞ்சினியர் ஹார்ஸ்லி துரை போட்ட பிளானு, பதினொரு வளைவு, 1843ல தெறந்தாங்க. அவரு வீட்டம்மா நகையக் கழட்டிக் குடுத்தாங்கன்னு எங்க ஆச்சி சொல்லுவா, சொல்லும்போதே தன் கழுத்தத் தொட்டுப் பாத்துக்குவா. 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பாத்துட்டு அந்த வளைவுங்க இன்னும் நிக்குது. நான் எதுக்கு இத சொல்லுதேன்னா, பாலம் வந்த பெறவுதான் அந்தப் பக்கத்துப் படிப்பு இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு எட்டுச்சு. ரோடு, பாலம், பஸ்ஸு இதெல்லாம் படிப்போட சேந்ததுதான், தனியா வச்சுப் பாக்கக் கூடாது. முக்கூடல் பக்கத்துப் பிள்ள இன்னைக்கும் ஜங்ஷன்ல எறங்கி, இன்னொரு பஸ்ஸு ஏறி, அந்தப் பாலத்தத் தாண்டித்தான் பாளையங்கோட்டை போவுது.

2021 மே மாசத்துலருந்து பொம்பளைங்களுக்கு சாதா டவுன் பஸ்ஸுல டிக்கெட் கெடையாது. 2022 செப்டம்பர்லருந்து கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சுட்டு காலேஜு போற பிள்ளைங்களுக்கு புதுமைப்பெண்ணுன்னு மாசம் 1000 ரூவா. ரெண்டையும் நான் மனசார வரவேற்கேன். அந்த ஆயிரத்துல என்ன பண்ணுதன்னு ஒரு பிள்ளகிட்ட கேட்டேன், பஸ்ஸ விட்டுட்டா ஷேர் ஆட்டோவுக்கு எடுத்து வச்சுக்கிடுவேன்னு சொல்லுச்சு. பாருங்க, அங்கயும் பஸ்ஸுதான். டிக்கெட் வேண்டாம்னு சொல்லியாச்சு, சரி, ஆனா பஸ்ஸு வரணும்லா? காலேஜு விடுற நேரமும் பஸ்ஸு எடுக்குற நேரமும் ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகணும்லா? காலேஜு பிரின்சிபாலும் டிப்போ மேனேஜரும் வருஷத்துக்கு ஒரு தடவ, ஜூன் மாசம் கிளாஸ் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு மேஜையில உக்காந்து டைம் அட்டவணையப் பாத்தா போதும், புதுசா ஒரு பைசா செலவு வேண்டாம். இத நான் கேக்காத எடமில்ல, இங்கயும் கேக்கேன்.

காலேஜ ஊருப் பக்கம் கொண்டுபோறது இன்னொரு வழி, நம்ம மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பணகுடி, கோவிந்தபேரின்னு காலேஜ் நடத்துறது அதுக்குத்தான்.

கையக் காட்டுதாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்காம். கடைசியா சாதி அரசியலப் பத்திப் பேசணும்னு எழுதி வச்சிருந்தேன். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு பையன வீடு புகுந்து வெட்டுனாங்க, கூடப் படிச்ச பசங்களே. அதுக்கப்புறம் நீதிபதி சந்துரு தலைமையில போட்ட ஒரு நபர் குழு 2024 ஜூன்ல அறிக்க குடுத்துச்சு, சாதியக் காட்டுற கைக்கயிறு, மோதிரம் இதெல்லாம் பள்ளிக்கூடத்துல கூடாதுன்னு அதுல இருக்கு. ஆனா கயிறு கட்டுன பையனும் கட்டாத பையனும் ஸ்கூலுக்கு வாரது ஒரே பஸ்ஸுலதான், யாரு எந்த சீட்டுல உக்காரணும்ங்கிற சண்ட அங்கயே தொடங்கிருது, அதத்தான் விரிவா சொல்ல வந்தேன், நேரம் இல்ல. நீங்க பஸ்ஸுல பாத்தத, உங்க பிள்ளைங்க வந்து சொன்னத ஒரு கார்டுல எழுதி நிலையத்துக்குப் போடுங்க, கூடவே உங்க ஊருக் கடைசி பஸ்ஸு நேரத்தையும் எழுதுங்க. வணக்கம்.