சோடியத்தைச் சரிசெய்யும்போது சிறுநீர் சேகரிக்கும் பையைக் கவனியுங்கள்

[திரையில்: தீவிர சிகிச்சைப் பிரிவின் இன்டேக்–அவுட்புட் சார்ட் – உடலுக்குள் போகும், வெளியே வரும் திரவங்களின் கணக்கு]

வணக்கம். இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. அது 120-க்கும் கீழே இறங்கி, வலிப்புடனோ நினைவு தப்பிய நிலையிலோ வரும் நோயாளிக்கு, செறிந்த உப்பு நீரான 3 சதவீத சலைன் 100 அல்லது 150 மில்லி அளவில், பத்து இருபது நிமிடங்களுக்குள் செலுத்தப்படுகிறது. சோடியம் 4 முதல் 6 மில்லிமோல் உயர்ந்தாலே மூளை வீக்கத்தின் உடனடி ஆபத்து பெரும்பாலும் விலகிவிடும். கடினமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சோடியம் பல நாட்களாகக் குறைந்திருந்தால், மூளைச் செல்கள் அந்தக் குறைவுக்குத் தங்களைப் பழக்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் சோடியம் வேகமாக ஏறினால், நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற பாதுகாப்பு உறை சிதைகிறது. பேச்சுக் குழறல், விழுங்க இயலாமை, கைகால் செயலிழப்பு ஆகியவை சில நாட்கள் கழித்தே வெளிப்படுகின்றன. ஆகவே 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயரவிடுவதில்லை. மதுப்பழக்கம், ஊட்டச்சத்துக் குறைவு, கல்லீரல் நோய், பொட்டாசியம் குறைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 8-ஐத் தாண்டக் கூடாது.

[திரையில்: மணிக்கு மணி சிறுநீர் அளவு – 40, 50, 120, 300 மில்லி]

இந்த வரம்பு மீறப்படுவதற்கு நாம் ஏற்றும் சலைன் மட்டும் காரணமன்று. வாந்தியாலோ தயசைடு என்ற சிறுநீர் பெருக்கி மாத்திரையாலோ உடல் வறண்டவருக்கு நார்மல் சலைன் (0.9 சதவீத உப்பு நீர்) கொடுத்து இரத்தக் கொள்ளளவு சீரானதும், அதுவரை நீரைப் பிடித்து வைத்திருந்த வாசோபிரெசின் என்ற ஹார்மோனின் சுரப்பு அடங்குகிறது. உடனே சிறுநீரகம் தெளிந்த, நீர்த்த சிறுநீரைத் தாராளமாக வெளியேற்ற, சோடியம் தானாகவே ஏறுகிறது. சிறுநீர் நன்றாகப் போகிறது என்று மகிழத் தோன்றும் அந்த மணி நேரமே எச்சரிக்கையானது. மணிக்கு 100 மில்லிக்கு மேல் அது திடீரென்று கூடினால், அடுத்த இரத்தப் பரிசோதனை நேரம் வரட்டும் என்று காத்திராமல், உடனே சோடியத்தைப் பார்க்க வேண்டும். சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டியையும், அதாவது அதில் கரைந்துள்ள துகள்களின் செறிவையும், அளப்பது நல்லது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. வாசோபிரெசின் அடங்காமல் சுரக்கும் நோயாளிக்கு ஒரு லிட்டர் நார்மல் சலைன் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் கரைந்துள்ள துகள்கள் 308 மில்லிஆஸ்மோல். சிறுநீர் லிட்டருக்கு 616 மில்லிஆஸ்மோல் அளவுக்குச் செறிந்திருந்தால், அந்த உப்பு முழுவதும் அரை லிட்டரிலேயே வெளியேறிவிடும். மீதி அரை லிட்டர் வெறும் நீராக உடலில் தங்கி, சோடியத்தை மேலும் குறைக்கும். சார்ட்டில் தெரிவதோ 500 மில்லி கூடுதல் என்ற ஒற்றை எண் மட்டுமே. இதனால்தான் நாள் முடிவில் போடும் கூட்டல் கழித்தலை மட்டும் நம்பி இந்தச் சிகிச்சையை நடத்தக் கூடாது என்கிறேன்.

உள்ளே போவதை எழுதும்போது, ஆன்டிபயாடிக் கலக்கும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் நீர்), மூக்கு வழியே வயிற்றுக்குச் செல்லும் ரைல்ஸ் டியூப் உணவு, டியூபைக் கழுவும் நீர் ஆகியவை எளிதில் விடுபடுகின்றன. இவற்றில் பெரும்பகுதி சோடியம் இல்லாத நீர். பொட்டாசியம் ஏற்றினாலும் சோடியம் உயரும் என்பதால், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ட்ரிப் ஓடும் கையிலிருந்து இரத்த மாதிரி எடுக்கவே கூடாது.

[திரையில்: டெஸ்மோபிரெசின், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்]

வரம்பை மீறப்போகிறது என்று தெரிந்தால், சோடியத்தை உயர்த்தும் திரவங்களை நிறுத்திவிட்டு, மருத்துவரின் முடிவுப்படி, வாசோபிரெசினைப் போலவே நீரைப் பிடித்து வைக்கும் டெஸ்மோபிரெசின் மருந்து 2 முதல் 4 மைக்ரோகிராம் கொடுக்கப்படுகிறது. ஏற்கெனவே மீறியிருந்தால் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் அளந்து செலுத்தப்படுகிறது. டெஸ்மோபிரெசின் வேலை செய்யும் நேரத்தில் சிறுநீரகம் நீரை வெளியே விடாது. ஆகவே நோயாளி வாயால் குடிக்கும் தண்ணீரையும் மருத்துவர் சொன்ன அளவுக்குள் நிறுத்தி, ஒவ்வொரு மில்லியையும் சார்ட்டில் எழுதி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியத்தைத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.