விடியற்காலைக் காற்றுக்கு ஒரு நங்கூரம்

நேயர்களுக்கு வணக்கம்.

நானும் என் கணவரும் 36 அடி நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்றில், மலேசியாவுக்கும் இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவுக்கும் நடுவே உள்ள மலாக்கா நீரிணையில் வருடக்கணக்காகச் சுற்றி வருகிறோம். போர்ட் டிக்சன், போர்ட் கிள்ளான், பங்கோர், பினாங்கு, லங்காவி என்று கரையோரமாக வடக்கே போவோம். காலம் பார்த்து மெதுவாகத் திரும்புவோம். எங்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பாய் ஏற்றுவதைப் பற்றியும் சுக்கான் பிடிப்பதைப் பற்றியும்தான் கேட்பார்கள். இந்த நீரிணையில் பகல் ஓட்டம் அவ்வளவு சிரமமில்லை. காற்று பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும். பல நாள் பாயைச் சுருட்டிவிட்டு இயந்திரத்தில் போக வேண்டியிருக்கும். சிரமமெல்லாம் சாயங்காலம் எங்கே நங்கூரம் போடுவது என்று முடிவு செய்வதில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இரவிலும் ஓட்டிக்கொண்டே போகலாமே என்று கேட்கலாம். நீரிணையின் நடுவில் வருடத்துக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் போகின்றன. அவற்றுக்கென்று தனிப் பாதை பிரித்திருக்கிறார்கள். சின்னப் படகுக்கு அங்கே வேலையில்லை. சரி, கரைப் பக்கம் ஒதுங்கலாம் என்றால் அங்கே மீன் வலைகள். பகலில் வலையின் கொடியையும் மிதவையையும் பார்த்து விலகிவிடலாம். இரவில் வலை முனையில் ஒரு சின்ன விளக்கு மினுக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியில் வலை சிக்கிக்கொண்டால் யாராவது இருட்டில் தண்ணீருக்குள் இறங்கி அறுத்தாக வேண்டும். அதனால் எங்களைப் போன்றவர்கள் பகலில் போய், பொழுது சாய்வதற்குள் நங்கூரம் போட்டுவிடுகிறோம்.

இங்கேதான் சுமத்ரா காற்று வருகிறது. மலேசியாவின் மேற்குக் கரையில் வாழ்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. விடியற்காலையில் ஜன்னல்கள் படபடவென்று அடித்து, மழை சாய்வாக ஊற்றி, பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் ஓயுமே, அதுதான். சுமத்ராவின் மலைகளிலிருந்து இரவில் குளிர்ந்த காற்று இறங்கி நீரிணைப் பக்கம் வருகிறது. நம் கரையிலிருந்தும் நிலக்காற்று கடலுக்குப் போகிறது. இரண்டும் வெதுவெதுப்பான தண்ணீருக்கு மேலே சந்திக்கும் இடத்தில் இடிமேகங்கள் எழும்புகின்றன. மேலே வீசும் தென்மேற்குக் காற்று அவற்றை வரிசையாக நம் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எந்த வாரத்திலும் வரலாம். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். பலமாக அடிப்பது அரை மணி நேரம்தான். அப்புறம் மழைதான் நீளும்.

மாலையில் காற்றே இருக்காது, அல்லது மெல்லிய கடல்காற்று இருக்கும். அதைப் பார்த்து ஒரு தீவின் அழகான மேற்குக் கரையில் நங்கூரம் போட்டால், விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு வரும் காற்று படகை நேராக அந்தக் கரையை நோக்கித் தள்ளும். பின்னால் பாறை, முன்னால் அலை, சுற்றிலும் இருட்டு. ஆகவே இப்போது அடிக்கும் காற்றுக்கு இடம் பார்க்கக் கூடாது, இன்னும் வராத காற்றுக்குத்தான் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிவிடலாம். ஆனால் நாள் முழுவதும் வெயிலில் காய்ந்துவிட்டு வரும்போது, கண்ணெதிரே இருக்கும் நல்ல இடத்தை விட்டுவிட்டுத் தீவைச் சுற்றி மறுபக்கம் போக மனசு வராது.

பங்கோர் தீவில் ஒரு முறை இப்படித்தான். தெலுக் நிப்பா மேற்கைப் பார்த்த கடற்கரை, சூரியன் மறைவதைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் வருவார்கள். நாங்கள் போனபோது நாலைந்து படகுகள் நின்றன. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நங்கூரம் போட்டு, அடுப்பில் சோறும் வைத்தாயிற்று. வெளியே வந்து பார்த்தேன். மேற்கே தொடுவானத்துக்கு மேல் மேகம் தடித்திருந்தது, அதன் அடிப்பக்கம் சத்தமில்லாமல் மின்னியது. அப்படி மின்னுவது வழக்கம்தான். அது ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனாலும் எனக்கு மனசு சரியில்லை. "என்னங்க, கிளம்பிடலாம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், அடுப்பை அணைத்தார்.

இது எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. நங்கூரம் போட்ட இடத்தில் இருவரில் யாருக்கு முதலில் மனசு ஒப்பவில்லையோ, அவர் சொன்னால் கிளம்பிவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, அப்புறம் காற்று வராமல் போனாலும் குத்திக் காட்டக் கூடாது. கணவன் மனைவி படகில் போவதற்கு இதைவிட முக்கியமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. வாக்குவாதத்தில் போகும் அரை மணி நேரம்தான் வெளிச்சம் இருக்கும் கடைசி அரை மணி நேரம். அதோடு, பயப்படுபவர் எதையோ கவனித்திருக்கிறார், சொல்லத்தான் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், வராத காற்றுக்காக நாங்கள் இடம் மாறிய இரவுகளே அதிகம். ஒன்றுக்குக்கூட நான் வருத்தப்பட்டதில்லை.

தீவின் வடமுனையைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் வந்தோம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள கால்வாய் அது. மீன்பிடிக் கிராமங்கள், நெத்திலி காயும் வாசனை, இரவெல்லாம் போகும் படகுகளின் இயந்திரச் சத்தம். யாரும் படம் எடுக்கிற இடமில்லை. ஆனால் மேற்கிலிருந்து வரும் அலையைத் தீவின் மலை தடுத்துவிடும்.

நங்கூரம் போடுவதை விவரமாகச் சொல்கிறேன். பலர் நினைப்பது போல இரும்பின் எடை படகைப் பிடித்து நிறுத்துவதில்லை. எங்கள் நங்கூரம் 20 கிலோ, படகோ பல டன். நங்கூரத்தின் அலகு சேற்றில் புதைந்து பிடிக்க வேண்டும். சங்கிலி கிட்டத்தட்டத் தரையோடு படுத்து இழுத்தால்தான் அது புதையும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும். அதனால் ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது சங்கிலி விட வேண்டும். ஆழம் என்றால் கருவி அப்போது காட்டும் ஆழம் மட்டுமல்ல. தண்ணீர் இறங்கும் வற்றின்போது 5 மீட்டர் என்று வையுங்கள். இந்தப் பக்கம் பெரும் ஏற்றத்தில் தண்ணீர் இன்னும் 3 மீட்டர் ஏறும். தண்ணீருக்கு மேலே படகின் அணியம், அதாவது முன்பகுதி, 1 மீட்டர். மொத்தம் 9. ஐந்து மடங்கு 45 மீட்டர். சுமத்ரா வரும் என்று தோன்றினால் நாங்கள் ஏழு மடங்கு, 63 மீட்டர் விடுவோம். இடமிருந்தால் இன்னும் கூட விடுவோம். பெட்டிக்குள் கிடக்கும் சங்கிலியால் யாருக்கும் பயனில்லை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்) காற்றில் அமைதியாக நிற்கும் படகு, 40 நாட் காற்றில் பதினாறு மடங்கு பலத்தோடு சங்கிலியை இழுக்கும். சாயங்காலம் நங்கூரம் பிடித்தது போலத் தெரிவதை நம்ப முடியாமல் போவது இதனால்தான். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். எங்கள் படகில் நான் சுக்கானில், அவர் அணியத்தில். இயந்திரச் சத்தத்தில் குரல் கேட்காது, கத்தினால் கோபம்தான் வரும். அதனால் எல்லாம் கைச் சைகை. கை நீட்டினால் அந்தப் பக்கம், மூடிய முஷ்டி என்றால் நிறுத்து. நங்கூரம் தரையைத் தொட்டதும் படகை மெதுவாகப் பின்னால் விட்டு, சங்கிலியைக் குவியாமல் நீளவாக்கில் விடுவோம். இங்கே தரை பெரும்பாலும் மெத்தென்ற சேறு. அவசரப்பட்டு உடனே இழுத்தால் நங்கூரம் சேற்றின் மேலேயே வழுக்கிக்கொண்டு வரும். ஒரு கால்மணி நேரம் அது தானாக அமிழட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம் இயந்திரத்தைப் பின்பக்கம் ஓட்டி நன்றாக இழுத்துப் பார்ப்போம்.

அந்த நேரத்தில் அவர் குனிந்து சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைத்திருப்பார். நங்கூரம் இழுபட்டால், சரளைக் கல்லில் வண்டிச் சக்கரம் உருளும்போது வரும் நடுக்கம் போல ஒன்று சங்கிலி வழியே ஏறி வரும். பிடித்துவிட்டால் சங்கிலி விறைத்து அசையாமல் நிற்கும். நான் கரையில் இரண்டு பொருளைப் பார்த்து வைத்திருப்பேன், ஒரு தென்னையும் அதன் பின்னால் ஒரு தொலைபேசிக் கோபுரமும் என்பது போல. இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கும் வரை நாங்களும் நிற்கிறோம் என்று அர்த்தம். இன்று போனிலேயே எச்சரிக்கை மணி வைக்கலாம், நாங்களும் வைக்கிறோம். ஆனாலும் அந்தக் கையும் அந்தத் தென்னையும் சொல்வது போன் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

அன்று இரவு நான்கு மணிக்குக் காற்று வந்தது. அதற்கு முன் ராடார் படத்தை ஒரு தடவை பார்த்திருந்தோம். "இடியுடன் கூடிய மழை" என்று வானிலை அறிக்கையில் பாதி நாள் இருக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இரவு இரண்டு மணிக்கு வானிலைத் துறையின் ராடாரைப் பார்த்தால்தான் வில் போல வளைந்த ஒரு கோடு நீரிணையைக் கடந்து வருவது தெரியும். அது தெரிந்ததும் வெளியே கிடந்ததையெல்லாம் உள்ளே எடுத்தோம். சின்னத் தோணியைப் படகின் மேல் தூக்கிக் கட்டினோம். கையடக்க ஜி.பி.எஸ்., உதிரி போன் இரண்டையும் சமையல் அடுப்பின் இரும்பு ஓவனுக்குள் வைத்தோம். மின்னல் பாய்மரத்தில் இறங்கினால் உலோகப் பெட்டிக்குள் இருப்பதாவது தப்பலாம் என்ற நம்பிக்கை. சுற்றுவட்டாரக் கடலில் உயரமான பொருள் எங்கள் பாய்மரம்தானே.

முதலில் காற்று செத்தது. அடுத்து ஒரு குளிர்ந்த மூச்சு வந்தது. அதன் பின்னாலேயே மலைக்கு மேலிருந்து காற்று இறங்கி விழுந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, சங்கிலியை இழுத்து நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. சங்கிலியில் நாங்கள் எப்போதும் 10 மீட்டர் நைலான் கயிறு ஒன்றைக் கொக்கி போட்டு மாட்டியிருப்போம். அது நீண்டு சுருங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் நங்கூரத்துக்கே போய்ச் சேரும். அவர் அணியத்தில் சங்கிலியைத் தொட்டபடி படுத்திருந்தார். நான் இயந்திரத்தை ஓடவிட்டு, தேவைப்பட்டால் முன்னால் தள்ளத் தயாராக இருந்தேன். மழையில் கோபுர விளக்கு மறையும், மறுபடி தெரியும். தெரிந்த ஒவ்வொரு முறையும் இருந்த இடத்தில்தான் இருந்தது. அலை மட்டும் எழவில்லை. தெலுக் நிப்பாவில் நின்ற படகுகளில் இரண்டு காலையில் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தன. ஒன்றில் அணியத்தில் சங்கிலி ஓடும் உருளை வளைந்துபோயிருந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

காற்றைப் போலவே நீரோட்டமும் உண்டு. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் தகுந்தபடி நீரோட்டம் திரும்பும். காற்று ஒரு பக்கம், நீரோட்டம் எதிர்ப்பக்கம் என்றால் படகு தன் சங்கிலியின் மேலேயே ஏறி நிற்கும். பக்கத்தில் நிற்கும் படகு வேறு மாதிரி திரும்பும். அதனால் நெருக்கமாக நிற்கும் படகுகள் இரவில் ஒன்றோடொன்று உரச வாய்ப்புண்டு. கூட்டமாக நிற்கும் இடத்தைக் கண்டால் அது நல்ல இடம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் அங்கிருந்து தள்ளித்தான் நிற்பேன். லங்காவியில் ஒரு தடவை, ஆளில்லாத ஒரு படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு எங்கள் மேல் வந்தது. கூடக் கொஞ்சம் சங்கிலியை விட்டு நாங்கள் பின்னால் போனதால் அது அருகிலேயே கடந்து போனது.

இன்னொன்று, நங்கூர விளக்கு. 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, நங்கூரத்தில் நிற்கும் படகு இரவில் எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை விளக்கு போட வேண்டும். விடியற்காலை மீனவர்கள் வேகமாகப் போகும் கால்வாயில் அந்த விளக்கு நமக்கு மட்டும் பாதுகாப்பல்ல, அவர்களுக்கும்தான்.

பினாங்கிலிருந்து லங்காவிக்குப் போகும்போது வலப்பக்கம் கெடாவின் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர். தெளிவான நாளில் வெகு தூரத்திலிருந்தே கண்ணில் படும். அந்தக் காலத்து மாலுமிகளுக்கும் அதுதான் அடையாளம். அதன் அடியில் பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கடாரம். 1025இல் ராஜேந்திர சோழனின் படை வந்த கரை. வணிகக் கப்பல்கள் ஒரு பருவக்காற்றில் வந்து, அடுத்த பருவக்காற்று திரும்பும் வரை இந்தப் பக்கம் காத்திருந்து போயின. அந்த மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு போகும்போதெல்லாம், ராடாரும் போனும் இல்லாமல் இதே விடியற்காலைக் காற்றில் இதே சேற்றில் நங்கூரம் போட்டு நின்றவர்களை நினைக்காமல் இருக்க எனக்கு முடிவதில்லை.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது ஆசை வந்திருந்தால், டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்க வைக்கும் அந்த மாதங்களில், மலைத்தொடரின் மறைவில் இருக்கும் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். போர்ட் கிள்ளானில் அரச சிலாங்கூர் படகு மன்றம் 1969 முதல் இருக்கிறது. பினாங்கிலும் லங்காவியிலும் படகுக்காரர்கள் இருக்கிறார்கள். படகு வாங்குவதற்கு முன்னால் தெரிந்தவர் ஒருவரோடு சில இரவுகள் நங்கூரத்தில் தங்கிப் பாருங்கள். பகல் ஓட்டம் எல்லாருக்கும் பிடித்துவிடும், இரவு பிடிக்கிறதா என்று பாருங்கள். தம்பதியாகப் போகிறவர்கள் இருவருமே சுக்கானையும் கற்றுக்கொள்ளுங்கள், சங்கிலியையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் நோய்வாய்ப்பட்டால் மற்றவர் படகைக் கரை சேர்க்க வேண்டுமே.

இந்த டிசம்பரில் நாங்கள் மறுபடி வடக்கே கிளம்புகிறோம். சங்கிலியின் கடைசிச் சில மீட்டர் துருப்பிடித்திருக்கிறது. அதை மாற்றும் வேலைதான் இப்போது நடக்கிறது.

நன்றி, வணக்கம்.