பழைய லென்ஸும் ஒரு வெற்று வளையமும்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேச வந்திருப்பது ஓர் உலோக வளையத்தைப் பற்றி. உள்ளங்கையில் அடங்கிவிடும். கண்ணருகே வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் அப்படியே தெரியும், ஏனென்றால் உள்ளே கண்ணாடி கிடையாது. அடாப்டர் என்று பெயர். ஃபிலிம் காலத்து லென்ஸை இன்றைய மிரர்லெஸ் கேமராவில் மாட்டுவதற்கு இந்த வெற்று வளையம் போதும். பல வருடங்களாக இதைப் பற்றி யார் கிடைத்தாலும் பேசிக்கொண்டே இருக்கிறேன். நிலையத்தாரே அழைத்துப் பேசச் சொன்னதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

உங்கள் வீட்டு அலமாரியில் தோல் உறையோடு ஒரு பழைய ஃபிலிம் கேமரா கிடக்கிறதா? அப்படியென்றால் இந்த உரை உங்களுக்குத்தான். கேமரா ஓடாமல் போயிருக்கலாம். ஷட்டர் சிக்கியிருக்கும், பேட்டரி கசிந்திருக்கும். ஆனால் முன்னால் இருக்கும் லென்ஸ், உலோகமும் கண்ணாடியும்தானே, பெரும்பாலும் இன்றைக்கும் வேலை செய்யும்.

அது எப்படி ஒரு வெற்று வளையத்தால் முடிகிறது? வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது. வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால், பகல் நேரத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள். பூதக்கண்ணாடியைச் சுவரை ஒட்டிப் பிடித்து, மெல்ல மெல்லச் சுவரிலிருந்து விலக்கிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் ஜன்னலும் அதற்கு வெளியே இருக்கும் மரமும் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும். இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தினால் கலங்கிவிடும். தெளிவு கிடைப்பது அந்த ஒரு தூரத்தில் மட்டும்தான். லென்ஸும் அப்படியே. ஒவ்வொரு லென்ஸும் தனக்குப் பின்னால் குறிப்பிட்ட தூரத்தில் ஃபிலிம் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. அந்தத் தூரத்தைக் கொடுத்தால் படம் தரும், கொடுக்காவிட்டால் தராது.

பழைய எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒரு மிரர் சாய்ந்து நிற்கும். படம் எடுக்கும் நொடியில் அது மேலே எழும்ப வேண்டும். அதற்கு இடம் வேண்டுமே. அதனால் லென்ஸ் உட்காரும் உலோக வளையத்திலிருந்து, அதாவது மவுண்டிலிருந்து, ஃபிலிம் வரை நிறைய இடைவெளி விட்டார்கள். 1959-இல் வந்த நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மில்லிமீட்டர். பென்டாக்ஸ், பிராக்டிகா போன்ற பல கேமராக்களில் இருந்த எம்42 திருகு மவுண்டில் 45.46. மினோல்டாவில் 43.5. மிரர்லெஸ் கேமராவில் அந்த மிரரே இல்லை, பெயரே சொல்கிறது. சோனியில் 18 மில்லிமீட்டர், நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20, அவ்வளவுதான்.

இனி கழித்தல் கணக்கு ஒன்றுதான் பாக்கி. எம்42 லென்ஸைச் சோனியில் மாட்ட வேண்டும். 45.46-இலிருந்து 18 போனால் 27.46 மில்லிமீட்டர். அந்த அடாப்டரின் நீளம் அதுதான். முன்பக்கம் லென்ஸ் ஏறுவதற்குத் திருகுப் புரி, பின்பக்கம் கேமராவில் பூட்டுவதற்குக் காது, நடுவில் காற்று. நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தத் தூரத்தைத்தான். இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடாப்டரின் வேலை தூரத்தைக் காப்பது.

தூரம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கேனான் எஃப்டி லென்ஸ்களின் கதையைவிட நல்ல சாட்சி கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த கதை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேனான் நிறுவனம் 1971-இல் எஃப்டி மவுண்டைக் கொண்டுவந்தது. 1976-இல் வந்த ஏஇ-1 கேமரா உலகமெங்கும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அதோடு எஃப்டி லென்ஸ்களும் போயின. பிறகு 1987-இல் ஈஓஎஸ் வரிசை வந்தது. ஆட்டோஃபோகஸுக்காக மவுண்டையே மாற்றிவிட்டார்கள். புது மவுண்டின் தூரம் 44 மில்லிமீட்டர். பழைய எஃப்டியின் தூரம் 42. வித்தியாசம் 2 மில்லிமீட்டர். ஆனால் தவறான பக்கத்தில் 2 மில்லிமீட்டர்! பழைய லென்ஸ் புது கேமராவுக்குள் 2 மில்லிமீட்டர் புதைந்து உட்கார்ந்தால்தான் தூரத்துக் காட்சி தெளியும். அதற்கு வழியில்லை, மேற்கொண்டு அடாப்டரின் தடிமன் வேறு. மாட்டினால் கிட்டத்தில் இருக்கும் பூவைப் படம் எடுக்கலாம். மலையை எடுக்க முடியாது. நடுவில் ஒரு சிறு லென்ஸ் கண்ணாடியை வைத்து அந்தத் தூரத்தை ஈடுகட்டும் அடாப்டர்கள் வந்தன. ஆனால் நல்ல லென்ஸுக்குப் பின்னால் சுமாரான கண்ணாடியை வைத்தால் படமும் சுமாராகத்தான் வரும்.

என் தாய்மாமா ஏஇ-1 வைத்திருந்தார், அதில் எஃப்டி 50 மில்லிமீட்டர் எஃப்/1.4 லென்ஸ். இந்த 50 லென்ஸின் குவியத் தூரம், இதுவரை பேசிய இடைவெளி அல்ல; எஃப்/1.4 என்பது அது எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்லும் எண். எங்கள் குடும்பத்தில் ஒரு தலைமுறையின் முகங்கள் எல்லாம் அந்த லென்ஸ் வழியாகப் போனவைதான். டிஜிட்டல் வந்த பிறகு, இனி இது எதற்கும் ஆகாது என்று சொல்லி லென்ஸைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அன்றைக்கு நிலைமை அதுதான்.

2008-இல் பானாசோனிக் ஜி1 வந்தது, மிரர் இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா. 2013-இல் சோனி ஏ7 வந்தபோது, ஃபிலிமுக்குப் பதிலாகக் காட்சியைப் பதியும் சென்சாரும் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுக்கே கிடைத்தது. அதாவது பழைய லென்ஸ் எவ்வளவு காட்சியைத் தந்ததோ அவ்வளவும் ஓரம் வெட்டாமல் பதிவாகும். 42-இலிருந்து 18 போனால் 24 மில்லிமீட்டர் இடம்! 2 மில்லிமீட்டர் இல்லாமல் ஒதுக்கப்பட்ட லென்ஸுக்கு 24 மில்லிமீட்டர் தாராளமாகக் கிடைத்தது. 2018-இல் கேனானே ஆர்எஃப் மவுண்டோடு வந்தபோது, கேனானின் பழைய லென்ஸ் கேனானின் புது கேமராவில் வெற்று வளையத்தோடு உட்கார்ந்தது. முப்பது வருடம் கழித்து!

மாமாவின் லென்ஸை என் கேமராவில் மாட்டி அவர் கையில் கொடுத்தேன். எஃப்டி அடாப்டரில் ஒரு சின்ன வளையம் இருக்கும். அதைப் பூட்டும் பக்கம் திருப்பினால்தான் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் நெம்புகோல் தள்ளப்பட்டு, அப்பெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை, நம் சொல் கேட்கும். திருப்பாவிட்டால் எஃப்/1.4-இலேயே திறந்து கிடக்கும். அதைத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்குக் கண்பார்வை குறைந்திருந்தது. பழைய கேமராவில் ஃபோகஸ் பார்ப்பதை விட்டே வெகுகாலம். எதிரே அவருடைய பேத்தி உட்கார்ந்திருந்தாள். வ்யூஃபைண்டரில் காட்சியைப் பெரிதாக்கும் பொத்தானை அழுத்திக் காட்டினேன். குழந்தையின் ஒரு கண் மட்டும் திரை முழுக்க வந்தது. "இன்னும் கொஞ்சம் பெருசாக்கு மாப்ள" என்றார். ஆக்கினேன். லென்ஸ் வளையத்தை இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மிகமிக மெதுவாகத் திருப்பினார். தெளிவு முதலில் புருவத்தில் வந்தது, மெல்ல ஊர்ந்தது, கடைசியில் இமை மயிர் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தது. அங்கே நிறுத்தினார். எந்தப் பழக்கமும் கை மறக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பழைய லென்ஸ் என்றதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "ஆட்டோஃபோகஸ் இல்லாமல் எப்படி?" என்பது. எஸ்எல்ஆர் காலத்தைவிட மிரர்லெஸ்ஸில் கையால் ஃபோகஸ் செய்வது சுலபம் என்பதே என் பதில். அன்று அப்பெர்ச்சரை மூடினால் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். இன்று மின்னணுத் திரை அந்த இருட்டைத் தானே வெளிச்சமாக்கிக் காட்டுகிறது. தெளிந்த விளிம்புகளுக்குச் சிவப்போ மஞ்சளோ பூசிக் காட்டும் பீக்கிங் என்ற வசதியும் இருக்கிறது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அகலத் திறந்த லென்ஸில் காது, மூக்கு, கண் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் சிவப்பு பூசிவிடும். எங்கே என்று தேடுவதற்குப் பீக்கிங், முடிவு செய்வதற்குப் பெரிதாக்கிப் பார்ப்பது. இன்னொன்று: எந்த அப்பெர்ச்சரில் எடுக்கப் போகிறீர்களோ அதே அப்பெர்ச்சரில் வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். சில பழைய லென்ஸ்களில் மூடும்போது ஃபோகஸ் சற்றே நகரும்.

இப்போது மறுபடி தூரத்துக்கு வருகிறேன். லென்ஸின் மேல் தூர எண்கள் பொறித்திருக்கும், கடைசியில் எட்டைப் படுக்க வைத்தாற்போல ஒரு குறி. இன்ஃபினிட்டி. வளையத்தை அந்த முனைவரை திருப்பினால் நிலாவும் நட்சத்திரமும் தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் அடாப்டர் செய்பவர்களில் பலர் நீளத்தை ஒரு மயிரிழை குறைத்தே செய்கிறார்கள். காரணம் இருக்கிறது. நீளம் கொஞ்சம் கூடினாலும் தூரத்துக் காட்சி தெளியவே தெளியாது, லென்ஸ் பயனற்றதாகிவிடும். குறைந்தால் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் முனைக்குச் சற்று முன்பே தெளிவு வந்து, முனையில் மீண்டும் கலங்கும். ஆகவே இரவு வானத்தை எடுக்கப் போகிறவர்கள் வளையத்தை முனைவரை திருப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சின்னப் புள்ளியாகும் இடத்தைக் கண்ணால் பார்த்து நிறுத்துங்கள். லென்ஸில் பொறித்த எண்ணை நம்ப வேண்டாம்.

அடாப்டர் வாங்கிய அன்றே செய்ய வேண்டிய சோதனை ஒன்றும் உண்டு. லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து, வெகுதூரத்தில் இருக்கும் கட்டட வரிசை ஒன்றைப் படம் எடுங்கள். படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே மாதிரி தெளிவாக இருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸ் மேல் பழி போடுவதற்கு முன் அதே லென்ஸை வேறு அடாப்டரில் மாட்டிப் பாருங்கள். வளையத்தின் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் லேசாகச் சாய்ந்திருக்கலாம். உட்புறத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளவென்று மின்னினால் அந்த மினுக்கம் படத்தில் வெள்ளைப் பூச்சாக வந்து விழும். கறுப்பு வெல்வெட் போன்ற ஒட்டுத்தாளை உள்ளே ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மிக மலிவான வளையத்தை வாங்காதீர்கள், மிக விலையுயர்ந்ததும் தேவையில்லை. இறுக்கமாக உட்கார வேண்டும், ஆடக்கூடாது.

இவ்வளவும் எதற்காக? பழைய லென்ஸ்களுக்குத் தனித்தனிக் குணம் உண்டு, அதற்காகத்தான். சோவியத் நாட்டில் ஏராளமாகச் செய்த ஹீலியோஸ் 44, ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டார் வடிவமைப்பை ஒட்டியது. 58 மில்லிமீட்டர், எஃப்/2. ஓர் ஆளைக் கிட்டத்தில் நிறுத்தி, பின்னால் சற்றுத் தள்ளி இலைகள் அடர்ந்த மரம் இருந்தால், அந்த இலைகள் எல்லாம் ஆளைச் சுற்றிச் சுழல்வது போலத் தெரியும். இன்றைய லென்ஸ்காரர்கள் பாடுபட்டு நீக்கியது இந்தச் சுழலைத்தான், நான் தேடிப் போவதும் இதைத்தான். அதன் 44-2 வகையில் அப்பெர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்று டக் டக் என்று நின்று எவ்வளவு மூட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். மற்றொன்று சத்தமில்லாமல் வழுக்கித் திறக்கும், மூடும். வீடியோ எடுப்பவர்கள் அந்த வழுக்கும் வளையத்தை மிகவும் விரும்புகிறார்கள்.

பென்டாக்ஸின் சூப்பர் டகுமார் 50 மில்லிமீட்டர் எஃப்/1.4 வேறு ரகம். அதன் பல பிரதிகளில் கண்ணாடியில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் கலந்திருக்கும். ஒளியை நன்றாக வளைக்கும் என்பதற்காகக் கலந்தார்கள். காலம் போகப் போக அந்தக் கண்ணாடி தேநீர் நிறத்துக்கு மஞ்சளாகிவிடும். புறஊதா விளக்கின் கீழே பல நாள் வைத்தால் மஞ்சள் தெளியும். வெயிலில் வைத்தாலும் தெளியும். ஆனால் வெயிலில் வைக்கும் லென்ஸ் நெருப்பு மூட்டும், பின்மூடியைப் போடாமல், துணி, காகிதம் பக்கத்தில் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. காட்சியைச் சுருக்கி வெளிச்சத்தைக் கூட்டும், உள்ளே கண்ணாடி உள்ள ஃபோகல் ரெட்யூசர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சிறிய சென்சார் கேமரா வைத்திருப்பவர்களுக்கு உதவும், நல்ல தரத்தில் வாங்குங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பழைய லென்ஸ் வாங்கும் முன் பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் கனமான டெலி லென்ஸானால் முக்காலியில் லென்ஸைப் பூட்டுங்கள், கேமராவை அல்ல.

கடைசியாக, மாட்டிய பிறகு ஷட்டர் விழவில்லை என்று பலர் திகைத்து நிற்கும் இடம். கேமராவுக்கு அந்த லென்ஸ் இருப்பதே தெரியாது. மெனுவில், லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டரை இயக்கு என்று ஒரு தேர்வு இருக்கும், அதை அனுமதியுங்கள். கேமராவுக்குள்ளேயே நடுக்கத்தைத் தாங்கும் வசதி இருந்தால் லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணையும் நீங்களேதான் பதிய வேண்டும், லென்ஸின் மேல் பொறித்திருக்கும் அதே எண், 50 என்றால் 50. சென்சார் சிறியது என்று பெருக்கிப் போடாதீர்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.