வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா: படிப்பா, ஊர் சுற்றலா?

வணக்கம். ஆத்தூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகள் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு. கல்லூரியில் ஐந்து நாள் சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா போகிறார்கள். சுற்றிப்பார்க்கவா இவ்வளவு பணம்? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?" நியாயமான கேள்விதான்.

சேலத்திலிருந்து இரண்டு முறை மாணவர்களை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். முதல் முறை ஒரே நாளில் ஆறு இடம். மூன்றாவது இடத்துக்கு அப்புறம் பாதிப் பேர் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டார்கள். அடுத்த முறை ஒரு நாளைக்கு இரண்டே இடம் என்று வைத்தோம். அதில் ஒரு நாளைச் சொல்கிறேன்.

அந்த நாள் உண்மையில் ஏற்காட்டில் தொடங்கியது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, மத்திய அரசின் ஆர்க்கிட் பூங்காவுக்குப் போனோம். மரத்தைப் பற்றி வளரும் ஆர்க்கிட்டின் வேர் மண்ணில் இருக்காது, காற்றில் தொங்கும். காய்ந்திருக்கும்போது சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுப்பாக இருக்கும். அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் நம் கண்ணெதிரே பச்சையாகிவிடும். மேலே இருக்கும் பஞ்சு போன்ற உறை நீரை உறிஞ்சியதும் உள்ளே இருக்கும் பச்சையம் தெரிகிறது, அவ்வளவுதான். பிள்ளைகள் மாறி மாறித் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள்.

சரி, சிங்கப்பூர். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். காலைச் சாப்பாட்டுக்குக் காயா தடவிய ரொட்டி, கோப்பி. காயா என்பது தேங்காய்ப்பால் ஜாம், ஆனால் அதில் முட்டை உண்டு. உங்கள் மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கோப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் கருக வறுத்து, துணிப்பையில் வடிக்கிறார்கள். எங்களோடு வந்த ஏற்காட்டுப் பெண் ஒருத்தி, காப்பித் தோட்டத்து வீட்டுப் பிள்ளை, ஒரு வாய் குடித்ததுமே "இது எங்கள் கொட்டை இல்லை சார், ரொபஸ்டா வகை" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

அப்புறம் தாவரவியல் பூங்கா. 1859-இல் தொடங்கியது, 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நுழைவு இலவசம், உள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். மரத்தைச் சாகடிக்காமல் ரப்பர் பால் எடுக்கும் முறையை ரிட்லி என்ற இயக்குநர் வகுத்தது இங்கேதான். அங்கே ஒரு பழைய தெம்புசு மரம் இருக்கிறது. ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து சிங்கப்பூர் டாலர், நோட்டின் பின்பக்கத்தில் அதன் படம். பிள்ளைகள் நோட்டை எடுத்துத் தூக்கிப் பிடித்து, தாழ்ந்து நீண்ட அந்தக் கிளை எது என்று தேடினார்கள். ஆர்க்கிட் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான கலப்பினப் பூக்கள். எல்லாரும் பூவைப் படம் எடுக்க, அந்த ஏற்காட்டுப் பெண் மட்டும் குனிந்து வேரைப் பார்த்தாள். "சார், இப்போதான் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள், வேர் பச்சையாக இருக்கிறது" என்றாள். கொடுத்த பணத்துக்கு அது ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றியது.

மதியம் லிட்டில் இந்தியாவில் தேக்கா மார்க்கெட் பக்கம். சைவச் சாப்பாட்டுக்குக் குறையே இல்லை, தமிழிலேயே கேட்டு வாங்கலாம். மற்ற இடங்களில் காய்கறி உணவு என்று பார்த்ததும் வாங்கிவிடக் கூடாது. இறால் விழுது, சிப்பிச் சாறு கலந்திருக்கும், கேட்டுவிட்டே வாங்க வேண்டும். பரோட்டாவுக்கு மீன் குழம்பு வைத்தால் பருப்பு கேட்கலாம்.

சாயங்காலம் மரினா அணைக்கட்டு. 350 மீட்டர் அகலக் கால்வாயை 2008-இல் தடுத்து, கடல் நீரை வெளியே நிறுத்தி, நகரத்து மழைநீரை ஏரியாக்கியிருக்கிறார்கள். பெருமழை வந்தால், கடல் தாழ்ந்திருக்கும்போது மதகைத் திறப்பார்கள். ஏறியிருந்தால் பம்பு வைத்து இறைப்பார்கள். மேட்டூர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள், மதகு என்றதும் கேள்வி மேல் கேள்வி. மேல்தளப் புல்வெளியில் பட்டம் விடும் கூட்டத்தைப் பார்த்தபடி குறிப்பு எழுதி முடித்தார்கள்.

அதனால் அம்மா, கல்லூரியில் தினசரி நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு நாளில் நாலைந்து இடம் இருந்தால், மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு குறைக்கச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை ஏற்காட்டுக்கு அனுப்புங்கள். பையில் ஒரு குடையும் வையுங்கள், அங்கே எப்போது மழை கொட்டும் என்று சொல்ல முடியாது.