பில்லைப் பார்ப்பவன் யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பயணம் இனிப்பது திட்டமிட்ட செலவாலா, கணக்குப் பார்க்காத மனசாலா? திட்டமிட்ட செலவுதான் என்பது எங்க அணி. எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார்: "பட்ஜெட் போட்டுப் போறவன் மலையைப் பார்க்க மாட்டான், பில்லைத்தான் பார்ப்பான்!" நீங்களும் கை தட்டினீங்க.

பில்லை யார் பார்ப்பான்னு எங்க சித்தப்பாவைக் கேளுங்க. குடும்பத்தோட ஒரு கடற்கரை ஊருக்குப் போனார். பட்ஜெட் கிடையாது, கிரெடிட் கார்டு உண்டு. ஓட்டல்ல, "கடல் தெரியற ரூம் இருக்கு சார், கொஞ்சம்தான் கூட." சித்தப்பா சொன்னார்: "இவ்வளவு தூரம் வந்துட்டோம்... கொடுங்க!" படகுக்காரர் வந்தார், தனிப் படகு. "இவ்வளவு தூரம் வந்துட்டோம்... ஏறுங்க!" கடைத்தெருவுல சித்தி, "இது நம்ம ஊர்லயே கிடைக்குமே"ன்னாங்க. சித்தப்பா என்ன சொல்லியிருப்பார்? நீங்களே சொல்லுங்க! ஆங், அதேதான்! திரும்பும்போது விமான நிலையத்துல பெட்டியை வச்சா, எடை கூடிப்போச்சு. பொருளுக்குக் கொடுத்ததைவிடப் பெட்டிக்குக் கேட்டது அதிகம். சித்தப்பா வாயே திறக்கலை. சித்தி சொன்னாங்க: "இவ்வளவு தூரம் வந்துட்டோம்... கட்டுங்க!"

நண்பரே, அந்தக் கடல் தெரியற ரூம்ல கடைசி ராத்திரி சித்தப்பா கடலைப் பார்க்கலை. போர்வைக்குள்ள போனை வச்சுக்கிட்டுக் கூட்டிக்கிட்டிருந்தார்! கணக்கை வீட்லயே முடிச்சவன் தலை நிமிர்ந்து மலையைப் பார்ப்பான். முடிக்காதவன்தான் ஒவ்வொரு பில்லையும் பயந்து பயந்து பார்ப்பான்.

ஊர் திரும்பினப்புறம்? "குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்"னு செய்தி வரும். நிம்மதியா இருக்கும். மீதிக் கடனுக்கு வட்டி ஓடும், கார்டுல புதுசா வாங்கற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் போயிடும், வாங்கின நாள்லேர்ந்தே வட்டி. மாசம் 3 விழுக்காடு வட்டின்னு வைங்க. எதுவுமே கட்டாம விட்டா, வட்டிக்கும் வட்டி ஏறி 24 மாசத்துல கடன் ரெண்டு மடங்கு. போக, தங்க, சாப்பிட எவ்வளவுன்னு கூட்டி, அவசரத்துக்குப் பத்துல ஒரு பங்கு சேர்த்து, 12 ஆல வகுத்து மாசாமாசம் எடுத்து வைக்கறது அவ்வளவு கஷ்டமா?

சித்தப்பாவை விடுங்க. அந்தப் பயணத்துக்கு வராத ஒருத்தர் இருக்காங்க, எங்க பாட்டி. "முட்டி வலிக்குதுப்பா, நீங்க போயிட்டு வாங்க"ன்னாங்க. வலி உண்மைதான். ஆனா மகன் கடன்ல போறான், தன் டிக்கெட்டும் அந்தக் கடன்ல ஏற வேண்டாம்னு நினைச்சதும் உண்மை. "எனக்கெதுக்கு"ன்னு சொல்ற அந்தத் தாய் உங்க வீட்லயும் இருக்காங்க. அவங்க டிக்கெட்டுக்கு இந்த மாசமே எடுத்து வைங்க. ஒருநாள் போய், "கடன் இல்லம்மா, எல்லாம் கட்டியாச்சு, கிளம்புங்க"ன்னு சொல்லிப் பாருங்க. புடவையை எடுத்து மடிச்சு வைக்க ஆரம்பிச்சுடுவாங்க!

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதறதுக்கு முன்னால உங்க அம்மாவை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க. வணக்கம்.