மிளகாய்க்கு முன்னால் இருந்த காரம்

[காட்சி: சுங்கை சிப்புட். விடியற்காலை மழை. லயத்து வீட்டு அடுப்படி, அம்மி.]

எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மழைக்காலம் என்றாலே எனக்கு அம்மியில் மிளகு நுணுங்கும் சத்தம்தான் ஞாபகம் வரும். பால்மரம் வெட்டப் போய் பாதியில் நனைந்து திரும்பியவர்களுக்குப் பாட்டி கையில் மிளகு ரசம் தயாராக இருக்கும். ஒரு குவளை உள்ளே போனால் மூக்கும் திறக்கும், முகமும் திறக்கும்.

[காட்சி: முறத்தில் ஒரு பக்கம் மிளகு, ஒரு பக்கம் காய்ந்த மிளகாய்.]

மிளகாய் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மிளகு, காய். மிளகு மாதிரி உறைக்கிற காய்! அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த மிளகாய், போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான் இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நம் குழம்புக்குக் காரம் கொடுத்தது மிளகு. புதிதாக வந்ததற்கும் அதன் பெயரையே ஒட்டிவிட்டோம். மலாய்க்காரர்களும் அப்படித்தான்: மிளகுக்கு லாடா ஹித்தாம் என்பார்கள், ஆனால் வடக்கே கெடாவில் வெறும் லாடா என்று கேட்டால் மிளகாய் வரும்.

சங்க காலத்தில் மிளகுக்குக் 'கறி' என்று பெயர். யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர்களின் கப்பல்கள், சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. அந்த யவன நாட்டில் மிளகுக்கு என்ன மதிப்பு தெரியுமா? 408ல் அலாரிக் என்ற விசிகோத்து (ஒரு ஜெர்மானிய இனம்) அரசன் ரோமை முற்றுகையிட்டபோது, விலகிப் போக பொன்னும் வெள்ளியும் கேட்டான். கூடவே 3,000 பவுண்டு மிளகும் கேட்டான். 1498ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கியதும், 1511ல் போர்த்துக்கீசியர் நம் மலாக்காவைப் பிடித்ததும் இந்த வாசனைச் சரக்கு வாணிபத்துக்காகத்தான்.

[காட்சி: சரவாக் மிளகுத் தோட்டம். கம்பத்தில் படரும் கொடி.]

இன்று மலேசிய மிளகில் பெரும்பகுதி சரவாக்கில் விளைகிறது. கறுப்பு மிளகும் வெள்ளை மிளகும் ஒரே கொடியில் காய்ப்பவைதான். பச்சைக் காயைத் தோலோடு காயவைத்தால் கறுப்பு, பழுத்ததை ஊறவைத்துத் தோலை நீக்கினால் வெள்ளை.

சரி, உடம்புக்கு என்ன செய்கிறது? மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்ற பொருள். 1819ல் டென்மார்க் அறிவியலாளர் எர்ஸ்டெட் அதைப் பிரித்தெடுத்தார். மஞ்சளில் உள்ள குர்குமினை நம் குடலும் கல்லீரலும் சீக்கிரமாக மாற்றி வெளியே தள்ளிவிடும். பைப்பரின் அந்த வேலையைத் தாமதப்படுத்துகிறது. 1998ல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்றில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, உடம்பில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கு கூடியது. சமையலில் நாம் போடும் மஞ்சளில் குர்குமின் இதைவிட மிகக் குறைவு. ஆனாலும் மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போட்ட கைகளை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

இதே குணத்தால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் போன்ற மருந்துகளின் அளவையும் பைப்பரின் இரத்தத்தில் ஏற்றிவிடலாம். ரசத்துக்குப் பயப்பட வேண்டாம். பைப்பரின் மாத்திரை வாங்குவதென்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். அப்புறம், மிளகு ரசம் தொண்டைக்கு இதம் தரும், காய்ச்சலைக் குணமாக்காது. டெங்கி உள்ள ஊர் நம்முடையது. காய்ச்சல் விடாமல் அடித்தால் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

[காட்சி: பழைய மைலோ டின். உள்ளே மிளகு.]

தூளாக வாங்காமல் முழு மிளகாக வாங்குங்கள். வெளிச்சம் பட்டால் காரம் குறையும், அதனால் கண்ணாடிப் புட்டியைவிட பாட்டியின் மைலோ டின்தான் சரி. ரசத்துக்கு வேண்டியதை அப்போதே தட்டிக்கொள்ளுங்கள். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். ரசம் நுரை கட்டி வரும்போது தூவி, உடனே அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள்.